பதினான்காம் பெயர்

"எமர்சன் மக இப்பல்லாம் ஜெபத்துல கண்ணையே மூடுறதில்லக்கா. நான் பாத்துட்டுதான் சொல்லுதேன்" என்று ஜெப அறைக்குள்ளிருந்து வந்த குரல், வெளியே படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெர்சிஸின் காதில் விழுந்தது. "அப்ப நீயும் மூடலன்னுதானட்டி அர்த்தம்" என்று சொல்லி இன்னொரு குரல் சிரித்தது. முதல் குரல் ரோஸ்லெட் அக்காவுடையது. சிரித்தது இன்பமணி சித்தி. பெர்சிஸ் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் நாலடி பின்னால் போய், இந்தத் தடவை சரளைக்கல்லில் சத்தம் வரும்படி நடந்து வந்து, திரும்பவும் கழற்றினாள். அப்படி ஏன் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டது அவள், பேசியது அவர்கள், ஆனாலும் பிடிபட்டவள் தான்தான் என்பதுபோலக் காது மடல் சுட்டது. கதவைத் திறந்துகொண்டு இருவரும் வந்தார்கள். "வந்துட்டியா தாயி, சாப்பிட்டியா? அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று ரோஸ்லெட் அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். கையில் சாம்பிராணி சோப்பு மணம் அடித்தது. "இருக்கு அக்கா" என்றாள் பெர்சிஸ். எதற்கு அந்தப் பதில், சாப்பாட்டுக்கா முட்டுவலிக்கா என்று தெரியாமலே அக்கா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். "உள்ள போட்டி, அறை காலியா கெடக்கு" என்று சித்தி முதுகில் கைவைத்துத் தள்ளினார். அறை காலியாகக் கிடக்கக் கூடாது. அதுதான் சங்கிலி ஜெபத்தின் ஒரே சட்டம். அசனப் பண்டிகைக்கு, அதாவது சபை முழுக்க ஆலய வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த நாளுக்கு, முந்தின நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை ஆறு வரை, மணிக்கு ஒருவராகவோ இருவராகவோ யாராவது உள்ளே முழங்காலில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பெர்சிஸுக்கு மதியம் இரண்டிலிருந்து மூன்று. போன வருஷமும் இரண்டிலிருந்து மூன்றுதான்.

அறை சின்னது. ஒரு பாய், சுவரோரம் ஒரு மர பீரோ, ஒரு கடிகாரம், ஒரு ஜன்னல். பாயின் தலைமாட்டில் கிளிப் வைத்த அட்டையில் ஜெபக் குறிப்புகள் அச்சடித்த தாள். பாயில் இதற்கு முன் இருந்தவர்களின் முழங்கால் பதிந்த சூடு இன்னும் இருந்தது. பெர்சிஸ் அந்தச் சூட்டிலேயே முழங்காலை வைத்தாள். பிறகு அது இன்னொருவருடைய இடத்தைத் திருடுவதுபோல இருக்கவே, சற்று நகர்ந்து குளிர்ந்த இடத்தில் வைத்தாள். கண்ணை மூட வேண்டும். மூடினாள். வந்தது, எப்போதும்போல அந்த நிறம் வந்தது. கண்ணைத் திறந்துவிட்டாள். ரோஸ்லெட் அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினொரு மாதமாகக் கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கம் ஒரு மெரூன் துணி விரிகிறது. துணி என்றால் சாதாரணத் துணி, கழுத்தில் பொன்னிற நூல் வேலை செய்த சுடிதார் துணி. இதைப் போய் யாரிடம் சொல்வது? சபைப் போதகரான ஐயரிடம் போய், ஐயா, ஜெபத்தில் எனக்குச் சுடிதார் தெரிகிறது என்றா? பிசாசு தெரிகிறது என்றால்கூட மரியாதையாக இருக்கும், உபவாசம் இருக்கச் சொல்வார், தலையில் கை வைப்பார். ஆண்டவரே, என்று ஆரம்பித்தாள். ஆண்டவரே என்ற சொல் வாயிலிருந்து வெளியே போய் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தது என்ன என்று திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. அடுத்தது என்ன? வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் "ஹலோ, ஹலோ, ஒன், டூ" என்றார். பிறகு அவருடைய போனிலிருந்து ஒரு சினிமா மெட்டு ஒலிபெருக்கியில் பாய்ந்து இரண்டே விநாடி ஓடி அறுந்தது. "ஏ, கோயிலுய்யா இது!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அறுந்த மெட்டின் மிச்சத்தை பெர்சிஸின் மண்டை தானாகப் பாடி முடித்தது. முடிக்காமல் நிறுத்த முயன்றாள், முடிந்தபிறகுதான் நின்றது. தேவ ஆட்டுக்குட்டியான இயேசுவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் இப்படியா? ஆனால் ஆட்டுக்குட்டி என்றவுடன், வளாகத்தின் பின்னால் கட்டியிருக்கும் ஆறு கிடாய்களும் அவற்றின் மஞ்சள் கண்களும், நாளைக் காலை அவை அசனக் குழம்பில் கிடக்கப்போவதும் ஞாபகத்துக்கு வந்தன. எதைத் தொட்டாலும் அது இன்னொரு கதவைத் திறக்கிறது. ஒரு வீட்டில் இத்தனை கதவுகள் இருந்தால் எந்த அறையில்தான் குடியிருப்பது?

தாளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்குத்தானே தாள். மனம் ஓடுகிறவர்களுக்காகத்தான் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இருபத்திரண்டு குறிப்புகள். ஒன்று, தேசத்தின் சமாதானம். தேசத்தைச் சமாதானமாக வையும் ஆண்டவரே. இரண்டு, பேராயருக்காகவும் போதகர்களுக்காகவும். வையும் ஆண்டவரே, இல்லை, அதற்கு வையும் என்று சொல்லக் கூடாது, தாங்கும் என்று சொல்ல வேண்டும். தாங்கும் ஆண்டவரே. மூன்று, சகோதரி ஜெனிட்டா, சுகப்பிரசவம். பெர்சிஸ் ஒரு விநாடி நின்றாள். ஜெனிட்டாவா? போன ஞாயிற்றுக்கிழமைதானே ஜெனிட்டாவின் பையன் ஆராதனை நடுவில் பெஞ்சின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தான், கீழே இரண்டு பல், மேலே ஒன்று. அதற்குள் அடுத்ததா? வயிறு ஒன்றும் தெரியவில்லையே. தெரியாமல் இருக்குமா, பெர்சிஸின் கண்ணுக்கு? ஊரில் யார் வளையலை மாற்றினாலும் தெரியும் அவளுக்கு. வாய் திறக்காதவளுக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று அப்பா சொல்லுவார். ஜெனிட்டாவின் கணவர் அரபு நாட்டிலிருந்து வந்துபோய் எத்தனை மாதம் ஆகிறது என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினாள். சுகப்பிரசவம் கொடும் ஆண்டவரே, எப்போதானாலும். நான்கு. ஐந்து. ஆறு. எட்டாவது, தம்பி பிரின்ஸ்லி, பிளஸ் டூ தேர்வு. பிரின்ஸ்லி இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம், தாடி வைத்திருக்கிறான், தாடி வைத்ததற்கு அவன் அம்மா வாசலில் வைத்துத் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. பிளஸ் டூ எழுத அவனுக்கு என்ன பைத்தியமா? தாளை அட்டையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அடியில் வேறு தாள் இல்லை. அப்போதுதான் கிறிஸ்டில்டா அக்காவைத் தேடினாள். பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல் பாடும் கிறிஸ்டில்டா அக்கா. இன்று மதியம் ஒரு மணிக்கு மதுரையில் இருதய அறுவை. போன ஞாயிறு ஐயர் அறிவிப்பு வாசிக்கும்போது, சங்கிலி ஜெபத்தில் சகோதரியை முதலாவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். முதலாவதாக இல்லை. கடைசியாகவும் இல்லை. தாளின் அடியில், நகத்தளவு எழுத்தில் ஒரு தேதி இருந்தது. போன வருஷத் தேதி.

முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு வந்ததைக் கண்டு பயம் வந்தது. போன வருஷத் தாளை வைத்துக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி நேரமாக, எத்தனை பேர், பத்துப் பன்னிரண்டு பேராவது, பிறந்து பல் முளைத்த குழந்தைக்குச் சுகப்பிரசவமும் தாடி வைத்தவனுக்குப் பிளஸ் டூவும் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு. ரோஸ்லெட் அக்கா இதையா வாசித்தார்? வாசித்தாரா, வாய் வாசித்ததா? தன் மனம் மட்டும்தான் ஓட்டைப் பானை என்று பெர்சிஸ் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு நிமிஷம் உடம்பு லேசானதுபோல இருந்தது, எல்லோரும் இப்படித்தான், எல்லோரும் இப்படித்தான். ஆனால் அந்த லேசு நிற்கவில்லை. ஏனென்றால் இது போன வருஷத் தாள் என்றால், இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பத்துவரை தெரியும். பதினொன்று தெரியும். பதினொன்று, சகோதரர் ஞானசிகாமணி, வீடு கட்டும் வேலை. போன வருஷம் இதே பாயில் இதே வரிக்கு வந்தபோதுதான் பைபிளுக்குள் வைத்திருந்த போன் அதிர்ந்தது. கல்லூரித் தோழி லூர்து, கடையிலிருந்து இரண்டு துணிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், ஒன்று நீலம், ஒன்று மெரூன். பிரிவுபசார விழாவுக்கு எதுடீ, சீக்கிரம் சொல்லு, கடைக்காரர் முறைக்கிறார். பெர்சிஸ் நீலம் என்று பதில் போட்டாள். அப்புறம், இரு, கழுத்தைக் கிட்டத்தில் காட்டு என்றாள். அப்புறம் எனக்கும் ஒன்று எடு என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நிறமா வேறு வேறா என்பதில் ஒரு பெரிய விவாதம், நடுவில் சிரிப்புப் பொம்மைகள், கடைசியில் மெரூன். நிமிர்ந்து பார்த்தபோது மூன்றுக்கு இரண்டு நிமிஷம். அடுத்தவர் வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். பதினொன்றுக்குக் கீழே அன்றைக்கு அவள் போகவே இல்லை.

பதினொன்றுக்குக் கீழே அடுத்த மூன்று வரி. இப்போதும் அதே மூன்று வரி. பன்னிரண்டு, வாலிபர் ஐக்கியம். பதின்மூன்று, விதவைகள், திக்கற்றோர். பதினான்கு, சகோதரர் எமர்சன், சிறுநீரகச் சிகிச்சை, பூரண சுகம். அப்பாவின் பெயரை அச்சில் பார்த்தபோது, ஏதோ அலுவலகப் பலகையில் பார்த்ததுபோல, இது யாரோ ஒரு எமர்சன் என்று அரை விநாடி தோன்றியது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் எமர்சன். பிரசங்கத்தில் தூங்கி, ஆசீர்வாத வார்த்தைக்குச் சரியாக முழித்துக்கொள்ளும் எமர்சன். வாரத்துக்கு இரண்டு நாள் குழாய் மாட்டிக்கொண்டு படுத்து, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்ற கணக்கில், நாக்கில் வைத்துக்கொள்ள ஒரு ஐஸ் துண்டு கேட்ட எமர்சன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கட்டிலில் படுத்தபடியே கேட்டார். "மக்கா, லிஸ்ட்டுல எம் பேரு வந்துச்சா?" வந்துச்சுப்பா. "நீ வாயால சொன்னியா?" சொன்னேம்பா. "போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அந்தக் கேள்விக்கு வேறு பதிலே உலகத்தில் இல்லாததுபோல அது வந்துவிட்டது. இருபத்தோராம் நாள் அவர் போனார். மெரூன் சுடிதார் தைத்து வந்தது. அதை அவள் உடுத்தாமல் எறிந்திருந்தால் ஒரு கதையாவது இருக்கும். உடுத்தினாள், இரண்டு தரம். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளுக்கும் பிடித்திருந்தது. அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடிகாரம் இரண்டு இருபத்தைந்து என்றது. வெளியே யாரோ, "பூசணிக்காயைச் சின்னதா வெட்டாத மயினி, வெந்து கரைஞ்சு போயிரும்" என்றார்கள். பெர்சிஸ் கணக்குப் போட்டாள். போன வருஷம் இருபத்து நான்கு மணி நேரத்தில் இருபத்து மூன்று மணி நேரம் பதினான்காம் வரி வாசிக்கப்பட்டது, ஒரு மணி நேரம் வாசிக்கப்படவில்லை. ஒரு கண்ணி விட்டுப்போனால் அது சங்கிலியே இல்லை, இரண்டு துண்டுக் கம்பி என்று போன வருஷம் தொடக்க ஜெபத்தில் ஐயர் சொன்னது, அன்றைக்கு நல்ல உதாரணமாகத் தெரிந்தது. ஆண்டவர் அப்படியா கணக்கு வைப்பார்? சுடிதார் பார்த்த பெண்ணுக்குத் தண்டனையாக, ஐஸ் துண்டு கேட்ட மனுஷனை எடுத்துக்கொள்வாரா? அப்படி எடுப்பவர் என்றால் அவரிடம் போய் எப்படிப் பேசுவது? அப்படி எடுக்காதவர் என்றால், ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால், இந்தப் பாயில் எதற்கு முழங்கால்? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு பதில் இருக்க வேண்டும், ஐயருக்குத் தெரிந்திருக்கும், அவளுக்கு அந்த இடத்தில் நிற்கத் தரை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலையிலிருந்து இத்தனை பேர், செத்துப்போன மனுஷனுக்குப் பூரண சுகம் கேட்டுவிட்டு, ஒன்றும் உறுத்தாமல் பதினைந்தாம் வரிக்குப் போயிருக்கிறார்களே. அடக்கத்துக்கு வந்தவர்கள்தானே எல்லோரும். ரோஸ்லெட் அக்கா மண் அள்ளிப் போட்டார், பெர்சிஸ் பார்த்தாள். அப்படியானால் போன வருஷம் மட்டும் இவர்கள் மனதோடு வாசித்தார்கள் என்று என்ன நிச்சயம்? இருபத்து மூன்று மணி நேரமும் வாய்தானோ? அப்பாவுக்காக யாருமே, ஒருவர்கூட... வேண்டாம். ஒருவேளை இன்று எல்லோருக்கும் உறுத்தியிருக்கலாம். ஒவ்வொருவரும் பதினான்கில் நின்று, அடடா, இது பழைய தாள் என்று புரிந்து, எட்டு மணி நேரமாக யாரும் கவனிக்காததைத் தான் போய்ச் சொன்னால் மற்றவர்களுக்குத் தலைகுனிவு என்று பேசாமல் எழுந்து போயிருக்கலாம். இன்பமணி சித்தி முதுகில் கைவைத்துத் தள்ளியது வழக்கத்தைவிட மெதுவாக இருந்ததோ? இப்போது அந்தக் கை எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

போய்ச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு மணிக்கே தொடங்கியிருப்பார்கள். இவ்வளவு நேரம் ஒருவர்கூட கிறிஸ்டில்டா அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. எழுந்து போகலாம்தான். ஆனால் அறை காலியாகிவிடும், சட்டம் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டால் பூசணிக்காய் வெட்டும் யாராவது வருவார்கள். பத்தடிதான். கூப்பிட வாயைத் திறந்து, கூப்பிடாமலே மூடிக்கொண்டாள். கூச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூச்சம் மட்டும்தானா? தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணியிலிருந்து நாளைக் காலை ஆறுவரை இன்னும் பதினைந்து மணி நேரம். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் இன்னும் பதினைந்து தடவை, ஒருவர் மாற்றி ஒருவர், எமர்சனுக்குச் சுகம் கொடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். உயிரோடு இருக்கிறவரைச் சொல்வதுபோல. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பதுபோல. லூர்து கத்தோலிக்கப் பெண், இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கல்லறைத் திருநாளன்று அவள் ஊரில் தாத்தா கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோன படத்தை அனுப்பியிருந்தாள். "உங்களுக்கு இது இல்லையாடீ?" என்று கேட்டாள். எங்களுக்கு இல்லை, போனவர்களுக்காக ஜெபிக்க மாட்டோம் என்று பெர்சிஸ் சொன்னாள். ஐயரும் அடக்கத்தில் அதைத்தான் சொன்னார், இனி ஜெபம் குடும்பத்தாருக்கு, சகோதரர் கர்த்தருடைய கையில் இருக்கிறார். "அப்போ உங்கப்பாவுக்கு இனி யாரு ஜெபிப்பா?" என்று லூர்து கேட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, மிட்டாய் தின்றுகொண்டே கேட்கிறவள் அவள். அந்தக் கேள்வி அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள்போல நிற்கிறது, விழுங்கினாலும் குத்துகிறது, விழுங்காவிட்டாலும் குத்துகிறது. இப்போது பாருங்கள், தவறுதலாக ஒரு தாள், சபை முழுக்க அப்பாவுக்காக ஜெபிக்கிறது. ஒரு தப்பும் யாரும் செய்யவில்லை. அவளும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஆண்டவர் என்ன சொல்வார்? அப்பா ராத்திரி பகல் என்று இல்லாமல் புகார் போன் எடுப்பார். நேற்றே கட்டிவிட்ட கம்பிக்கு இன்றைக்கும் பத்துப் பேர் கூப்பிட்டுக் கத்துவார்கள். "அது நேத்தே சரி பண்ணியாச்சு, சுவிட்ச்சைப் போட்டுப் பாருங்க" என்று பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி, கோபப்படாமல் சொல்லுவார். ஆண்டவரும் காலையிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ? அது போன வருஷமே முடிஞ்சாச்சு. முடிஞ்சாச்சு என்றால் எப்படி முடிந்தது, சரியானதா, சரியாகாமல் போனதா?

கிறிஸ்டில்டா அக்காவுக்காகவாவது ஜெபிக்கலாம். அதற்குத் தாள் வேண்டாமே. ஆண்டவரே, கிறிஸ்டில்டா அக்கா. அடுத்த வார்த்தை வரவில்லை. கிறிஸ்டில்டா அக்கா ஆல்ட்டோவில் பாடும்போது மற்றவர்கள் மேலே போகையில் அவர் மட்டும் கீழேயே, வீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருப்பார். ஒரு தரம் பெர்சிஸ் தப்பான இடத்தில் சத்தமாகப் பாடிவிட்டபோது, பாடல் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு, "நல்லவேளை, நான்தான் தப்பாப் பாடுறேனோன்னு பயந்துட்டேன்" என்று கிசுகிசுத்தார். அந்த மார்பை இப்போது திறந்து வைத்திருப்பார்கள். வெள்ளை விளக்கு, பச்சைத் துணி. பச்சைத் துணி மெரூனாக மாறியது. இல்லை, போ. ஆண்டவரே, கிறிஸ்டில்டா அக்கா. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இளையவள் பெயர் என்ன, ரூபியா, ரூபெல்லாவா? பெயர்கூடத் தெரியாமல் எப்படிக் கேட்பது? ஆண்டவரே, கிறிஸ்டில்டா அக்கா. இப்படிப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது ஜெபமா, வருகைப் பதிவேடா? முன்னால் எல்லாம் இப்படி இல்லை. சின்ன வயதில் பரீட்சைப் பேனாவுக்குக்கூட ஜெபிப்பாள், வார்த்தை தண்ணீராகக் கொட்டும். இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா, "நீ ஜெபம் பண்ணுட்டி" என்றால், நீங்களே பண்ணுங்கம்மா, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு என்கிறாள். பதினொரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. அம்மா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைகூப்பிக் கண்மூடச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். பிள்ளைகள் மூடிக்கொள்கிறார்கள், அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், இருபது வரை எண்ணி ஆமென் என்கிறாள். யாருக்கும் தெரியாது. தெரியாமலே இப்படியே இருந்துவிடலாம், கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்ந்து, இருபது வரை எண்ணி எண்ணி ஆயுசு முழுக்க. ஆண்டவரே, கிறிஸ்டில்டா அக்கா.

மூன்றுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் கதவு தள்ளித் திறந்தது. கிளாடிஸ் அத்தை. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர், காலை ஆறு மணிக்குச் சங்கிலியைத் தொடங்கி வைத்தவர், மதியம் மூன்றுக்கும் தன் பெயரையே எழுதிக்கொண்டவர். கையில் பெரிய பை, முந்தானையில் மஞ்சள்பொடி. "முடிச்சிட்டியா மக்கா? வெளிய ஒரே கூத்து. உப்பு எங்கன்னு என்ட்ட கேக்கான், கிடாய்க்குத் தண்ணி வச்சியான்னு என்ட்ட கேக்கான், நான் என்ன இந்தச் சபைக்கு வாக்கப்பட்டா வந்திருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். பெர்சிஸ் எழுந்தாள். சும்மா போய்விடலாம். வாரேன் அத்தை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். பதினைந்து மணி நேரம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை எடுத்தார். "அத்தை, இது போன வருஷ லிஸ்ட்டு" என்றது ஒரு குரல், அது தன்னுடையது என்று தெரிய பெர்சிஸுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"என்னது?" என்றார் அத்தை. தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்துப் பார்த்தார், அடியில் தேதியைத் தடவினார். "ஐயையோ. நான்தானட்டி காலையில இருட்டுல பீரோவுல இருந்து அட்டைய எடுத்து வச்சேன். புதுசு நேத்தே டைப் அடிச்சு..." பையைக் கவிழ்த்தார். சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, பாதி எலுமிச்சம்பழம், நாலாய் மடித்த ஒரு தாள். "இந்தா இருக்கு. என் பைக்குள்ளயே இருக்கு. ஐயருக்குத் தெரிஞ்சுதுன்னா, ஏழாவது கிடாயா என்னையும் சேத்துக் கட்டிருவாரு." பழைய தாளை உருவி எடுத்துக் கசக்கப் போனவர், கை நின்றுவிட்டது. பதினான்காம் வரியைப் பார்க்கிறார் என்று பெர்சிஸுக்குத் தெரிந்தது. "ஏ மக்கா" என்றார், குரல் இறங்கிப்போய். "நான் வாசிச்சேனே இத. ஆறு மணிக்கு. எமர்சன் அண்ணனுக்குச் சுகங்குடும்னு சத்தமாச் சொன்னேனே. பால் பாக்கெட்ட வெளியவே வச்சிட்டு வந்துட்டோமே, பூனை இழுக்குமேன்னு மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருட்டயும் சொல்லிராத. உன் அம்மைட்ட சொல்லவே சொல்லாத." தாளை மெல்ல நீவி பெர்சிஸிடம் நீட்டினார். "இத நான் கிழிக்க மாட்டேன். நீ வச்சுக்கிட்டாலும் சரி, என்ன செஞ்சாலும் சரி." பெர்சிஸ் வாங்கிக்கொண்டாள். "அத்தை, போன வருஷம் நான்" என்றாள். "என்னட்டி?" என்று அத்தை நிமிர்ந்து பார்த்தார். பெரிய கண்கள், கண்ணாடி இல்லாமல் எதையும் பிடிக்காத கண்கள். "ஒண்ணுமில்ல அத்தை. கிறிஸ்டில்டா அக்காவுக்கு ஒரு மணிக்கே ஆரம்பிச்சிருப்பாங்க." அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஆமா, ஆமா" என்று முழங்காலிட்டுக் குனிந்து, தாள் எதையும் பார்க்காமல், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அப்பா, தகப்பனே, அந்தப் பிள்ளைய விட்டுராதயும்" என்று தொடங்கிவிட்டார்.

புதிய தாள் பாயில் கிடந்தது. பெர்சிஸ் அதை எடுத்து நீவி, அட்டையில் சொருகி, கிளிப்பை அழுத்தினாள். முதலாவது, சகோதரி கிறிஸ்டில்டா. மூன்றாவதில் வேறு யாரோ, பதினான்காவதில் ஒரு புதுமணத் தம்பதி, கடைசியாக இருபத்திரண்டாவதில் மழை. அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. மணி மூன்றானது. இனி அறை காலி இல்லை, அவள் போகலாம். வெளியே மைக்கில், "நாளைய தினம் அசனத்துக்கு வருகிறவர்கள்" என்று யாரோ ஆரம்பித்து இருமினார்கள். இரவு ஒன்பது மணிக்கு ரோஸ்லெட் அக்காவின் கணவர், பத்துக்கு வாலிபர் சங்கத் தலைவர், விடியற்காலை நான்குக்கு ஐயர், ஐந்துக்கு அம்மா. எல்லோரும் கடைசி வரிவரை வருவார்களோ, மழையோடு நிறுத்திக்கொள்வார்களோ. வந்தால் நாளை அசனப் பந்தியில், இலைக்கு முன்னால், எல்லோர் கண்ணும் எங்கே இருக்கும் என்று அவளால் இப்போதே பார்க்க முடிந்தது. அத்தையின் பையிலிருந்து கொட்டிக் கிடந்த சாமான்களுக்குள் ஒரு பேனாவும் இருந்தது. பெர்சிஸ் அதை எடுத்து, மழைக்குக் கீழே இருபத்து மூன்று என்று எண் போட்டு, அச்செழுத்துக்கு ஈடாகத் தெளிவாக, சகோதரி பெர்சிஸ், ஜெபிக்க முடியவில்லை என்று எழுதினாள். பிறகு அட்டையை அத்தையின் முழங்காலுக்கு முன்னால், எழுத்து அவருக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தாள்.